வாங்க ஆளில்லாத சிமெண்ட்

கச்சா எண்ணெய் விலை தடாலென்று விழுந்த செய்தி சனிக்கிழமை வந்தபோது லாரிக்காரர் சந்தோஷப்பட்டார், பாவம். டீசல் குறையும் என்று மனக்கோட்டை கட்டினார். இரண்டு லாரியில் ஒன்றை விற்று, அந்தப் பணம் மொத்தத்தையும் சிமெண்ட் பங்கில் போட்டிருந்த மனுஷன் அவர். எண்ணெய்க் கம்பெனிப் பங்குக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தரகர் ஆபீசில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி சொன்னபடி, சிமெண்டாகவே வாங்கினார்.

திங்கட்கிழமை காலை அந்த மச்சினனின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சிமெண்டுக்கும் எண்ணெய்க்கும் என்னடா சம்பந்தம்?"

"இந்த நாட்டுல அரசாங்கமே எண்ணெய் வித்த காசுலதான் ஓடுது மாமா. விலை விழுந்தா ரோடு நிக்கும், பாலம் நிக்கும். அப்புறம் சிமெண்டை யார் வாங்குவா? பேங்க் பங்கு, கப்பல் பங்கு எல்லாம் சேர்ந்தேதான் விழும்."

"இதை வாங்குறப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

மச்சினன் கீபோர்டைத் துடைத்தான். ரோடும் பாலமும் நின்றால் லாரிக்கும் லோடு கிடைக்காது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

லாரிக்காரர் குடும்பம் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை அவர்களுக்கே விற்க வீட்டுக்காரர் சம்மதித்து அட்வான்ஸும் வாங்கியிருந்தார். மீதி புதன்கிழமைக்குள் வேண்டும். பங்கை இன்று விற்றால்தான் புதனுக்குப் பணம் கைக்கு வரும். தப்பினால் வீடும் போச்சு, அட்வான்ஸும் போச்சு. போன வாரமே விற்றிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று இழுத்தடித்தது அவருடைய பேராசைதான், வேறு யாரைச் சொல்ல?

பத்து மணிக்குச் சந்தை திறந்தது, திறந்ததும் படுத்தது. மச்சினன் என்னென்னமோ தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டாச்சு மாமா" என்றான்.

ஒரு பங்கு ஒரே நாளில் இவ்வளவுதான் விழலாம் என்று எல்லை உண்டு. சிமெண்ட் நேராக அந்த எல்லையில் போய் உட்கார்ந்துகொண்டது. விற்க ஊரே நிற்கிறது, வாங்க நாதியில்லை. முதலில் ஆர்டர் போட்டவனுக்குத்தான் முதலில் விற்கும், மற்றவனெல்லாம் வரிசையில் கிடக்க வேண்டியதுதான். லாரிக்காரரும் கிடந்தார். ரோட்டில் லாரி சிக்கினால் இறங்கித் தள்ளலாம். இங்கே எதைத் தள்ளுவது?

பதினொன்றரைக்கு எவனோ ஒரு புண்ணியவான் கொஞ்சம் வாங்கினான். "நகருது மாமா" என்றான் மச்சினன். லாரிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நகர்ந்த வரிசை நின்றது. சந்தை மூடும்வரை அப்புறம் அசையவே இல்லை.

மேனேஜர் கூப்பிட்டு மச்சினன் உள்ளே போனான். அவன் போனதும் லாரிக்காரர் மேஜையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தார். முதல் வரியில் மச்சினன் மனைவியின் பெயர்: சிமெண்ட், விற்பனை, பத்து மணி, முடிந்தது. அதற்குக் கீழே அவர் பெயர்: பத்து மணி மூன்று நிமிஷம், காத்திருப்பு.

திரும்பி வந்த மச்சினன் திரையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு மாமா."

கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்தது லாரிக்காரருக்கு. மேனேஜர் அறை பத்தடி தூரம். நடந்து போய் ஒரு வார்த்தை சொன்னால், வாடிக்கையாளரை முந்தித் தன் வீட்டுப் பங்கை விற்ற குற்றத்துக்குப் பயலுக்கு வேலை காலி, கேஸும் வரும். அப்புறம் வீட்டில் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது? சொன்னால் அவள் பிறந்த வீடு போச்சு, சொல்லாவிட்டால் இருக்கிற வீடு எப்படிப் போனதென்று அவளுக்கு என்ன பதில் சொல்வது? நகர வழியில்லாமல் நின்றார்.

ஃபோன் அடித்தது. அவள்தான். எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு மச்சினனிடம் நீட்டினார். "உங்க அக்கா. நீயே சொல்லு."

"அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"தம்பி, நீயா? மாமா காலையில ஒண்ணும் சாப்பிடாம கிளம்பிட்டார்டா. முதல்ல அவருக்கு ஏதாவது வாங்கிக் குடு. வீட்டு விஷயம் நீ பார்த்துக்குவ, எனக்குத் தெரியும்."

"சரிக்கா" என்றான் மச்சினன். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். தலையைத் தூக்காமலே, "என்ன சாப்பிடுறீங்க மாமா?" என்று கேட்டான்.