மூன்று கம்பங்களும் ஒரு திட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பனியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்து நின்றது மின்கம்பம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘சித்தேரி மலையடிவாரத்தில் விடியற்காலைப் பனி மெல்ல மெல்ல…’ வேண்டாம். நூறு பேர் எழுதிவிட்டார்கள்.

2

அன்பரசிக்கு நாற்பத்து நான்கு வயது. பாப்பிரெட்டிப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு மலையைப் படம் பிடிக்கக் கிளம்பிவிடுவாள். புத்தகத் திருவிழாவின் புகைப்படக் கண்காட்சிக்கு இரண்டு வருடமாக அனுப்பி, இரண்டு முறையும் தேறவில்லை. ஆளுக்கு ஒரு படம்தான். இந்த ஞாயிறு மாலை ஐந்து மணி கடைசி.

வியாழன் காலையில் எங்கள் புகைப்பட வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டாள். ‘சூப்பர் மேடம்’ என்று குவிந்தது.

(குழுவின் விதி: வெறும் இதயக்குறி கருத்தாகாது. விதியைப் போட்ட நானும் இதயம்தான் போட்டேன்.)

3

சென்றாயன் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன், லைன்மேன். ஒரு படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பான். அந்தப் பொறுமைமேல் எனக்குப் பொறாமை உண்டு. குரல் பதிவு அனுப்பினான்.

“அக்கா, படம் அருமைங்க. பள்ளத்துல பனி நிக்கிதே, அதப் பாத்துட்டே ரெண்டு டீ குடிச்சுட்டேன். ஆனா அங்க நம்ம லைன் போவுதுங்களே, மூணு கம்பம். அது எங்கங்கக்கா?”

கம்பங்களைப் போனில் விரலால் தேய்த்து அவள்தான் அழித்திருந்தாள். அன்பரசி புன்னகையோடு அவனை அழைத்து…

(இல்லை, புன்னகை வேண்டாம். அழைத்தாள், அவ்வளவுதான்.)

“ஏன்டா தம்பி, கம்பம் அழகாவா இருக்குது?”

“அழகுன்னு சொல்லலீங்கக்கா. கம்பம் இல்லாம மல எவ்ளோ பெருசுன்னு தெரியலீங்களே. ஏரிக்கரை மாதிரி இருக்குது.”

அழிக்காத படத்தைத் திறந்தாள். மூன்றாவது கம்பம் ஊதுவத்தியாய் இளைத்து நின்றது. அதற்கு மேலே, மேலே, மலை. மூன்று வருடமாகத் தான் பிடிக்க நினைத்தது இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

4

கதையை இதுவரை எழுதி, அன்பரசியிடம் கேட்டுவிட்டுச் சென்றாயனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது.

“நல்லா இருக்குதுங்க சார். ஆனா அக்கா என்னத் திட்டுனது எங்கங்க?”

பிடிபட்டேன். அழைப்பதற்கு முன் அன்பரசி குழுவில், அத்தனை பேர் முன்னாலும் எழுதியிருந்தாள்: ‘கம்பம் ஏறுற வேலைய மட்டும் பாரு தம்பி. படத்துக்கு வராத.’ இரண்டு நிமிடத்தில் நீக்கினாள். அவன் பார்த்துவிட்டான். எனக்குப் பிடித்த மனுஷியாயிற்றே என்று நானும் கதையிலிருந்து நீக்கினேன்.

“அசிங்கமா இருக்குமேன்னு விட்டேன், சென்றாயா.”

“அத எடுத்துட்டா, அக்கா அப்பறம் போன் போட்டுக் கேட்டாங்களே, அது எவ்ளோ பெருசுன்னு தெரியலீங்களே சார்.”

5

ஞாயிறு மாலை, மணி நாலே முக்கால். அன்பரசியின் போனில் இரண்டு படங்கள். ஒன்றுக்கு ஊரே இதயம் போட்டிருக்கிறது. இன்னொன்றைப் பற்றி அவளுக்கும் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தேர்வுக்குழுவுக்குக் கம்பம் பிடிக்குமோ என்னவோ. இந்த முறையும் தேறாவிட்டால் அடுத்த வருடம் அனுப்பும் தெம்பு அவளுக்கு இருக்காது.

எதை அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திட்டை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.