நிரப்பி வைத்த தொட்டி

கொடைக்கானலில் நான் குழாய் பிட்டராக இருந்த காலத்தில், ஊருக்கு வெளியே ஒரு பங்களா இருந்தது. அதன் மாடிக் குளியல் தொட்டியில் ஒரு யானையைப் படுக்கவைத்து, தலைமாட்டில் பாகனுக்கும் இடம் கொடுக்கலாம். சுத்தமான வார்ப்பிரும்பு. பங்களாக்கார துரைசானி அதற்குத் தண்ணீர் பிடித்தால் ஏரி ஒரு முழம் இறங்கும், படகெல்லாம் தரைதட்டும். நான் கண்ணால் பார்த்தவன்.

தொட்டி விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் அடைப்பு விட்டுப்போய், சிந்துகிற தண்ணீரெல்லாம் மரத்தளம் வழியாகக் கீழே சொட்டியது. கீழே காவல்காரன் திருமலைச்சாமியின் அறை. அவன் பெண்டாட்டி பிச்சையம்மாள் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தாள். கட்டிலை எந்த மூலைக்கு இழுத்தாலும் சொட்டு மோப்பம் பிடித்து வந்துவிடும்.

“துரைசானி குளிக்கிறப்பவே நானும் குளிச்சுக்கிறேண்ணே. சோப்பு வாசம் நல்லாத்தான் இருக்கு,” என்று சிரித்தவள் இருமலில் மாட்டிக்கொண்டாள்.

“நனையாத படுக்கை ஒண்ணு போதும்ணே இவளுக்கு,” என்றான் திருமலை.

துரைசானி மதுரைக்கு இறங்கிய வாரம் வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கைத்தான் எண்ணெய் கூட்டிப் பிசைந்து சந்தில் திணிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் தொட்டியை வாயளவு நிரப்பிவிட வேண்டும். பாரத்தில் தொட்டி அமுங்கி, சந்து அகலும். அகன்ற சந்தை அடைத்தால்தான் பின்னால் விடாது. மக்கு இறுகும்வரை ஒரு குவளைகூட மொள்ளக் கூடாது. அந்தக் குளிரில் அது இறுகுவதற்குள் மலைக்கோடியில் இருக்கிற கிளாவரைக் கிராமத்துக்கு நடந்து போய், பூண்டு நட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

இறுகுவதற்குள் பிச்சையம்மாள் போய்விட்டாள்.

அவளுடைய சின்னாத்தா காளியாயி பூண்டியிலிருந்து பெண்களோடு வந்தாள். சாவு விழுந்த வீட்டில், எடுப்பதற்கு முன் நிறைதண்ணீரைக் கொட்டிவிடுவது அவர்கள் வழக்கம். குடம், அண்டா எல்லாம் கவிழ்ந்தன. மாடி ஏறிய ஒருத்தி, “ஆத்தீ, இங்க ஒரு கம்மாயே கெடக்கு,” என்றாள்.

திருமலை ஓடிவந்து தொட்டியை மறித்து நின்றான். “அது கெடக்கட்டும்.”

“வெரசாத் தெறந்து விடுங்க மாப்பிள்ளே,” என்றாள் காளியாயி. “தண்ணி நின்னா அவ தாகத்துக்கு இங்கயே திரும்பி வந்துருவா.”

“வரட்டுமே அத்தே.”

காளியாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இத்தன நாளு இருமுனது பத்தாதா அவளுக்கு? விடுங்க, போகட்டும்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “மக்கு காஞ்சிருச்சாண்ணே?”

விரலால் அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது.

“காயலப்பா.”

“இப்பத் தெறந்தா?”

“பாரம் கொறைஞ்சு தொட்டி எழும்பும். அம்புட்டும் பிதுங்கி வந்துரும்.”

கீழே சங்கு ஊதினார்கள். திருமலை தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு அடைப்பானைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் இரண்டு கையாலும் மக்கின் மேல் அழுத்திக்கொண்டான். நான் மறு கோடியில் அழுத்தினேன். தண்ணீர் இறங்க இறங்கத் தொட்டி மயிரிழை மயிரிழையாக மேலே வந்தது. மக்கு எங்கள் விரலிடுக்குகளில் பிதுங்கியது.

“விட்டுறாதீங்கண்ணே,” என்றான். “நல்லா அமுக்குங்க.”