தகரச் சத்தத்துக்குள் ஒரு வயலின்

ஒரு விஷக்காய்ச்சல் வந்து போனபோது அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை அவளுக்கு. வாடிக்கையாளர்களின் உதட்டைப் பார்த்தே எப்படியோ காலத்தை ஓட்டினாள். பிறகு அறுவை சிகிச்சை செய்து, காதுக்குள் ஒரு பகுதியும் வெளியே கழற்றி மாட்டும் ஒரு பகுதியுமாகக் கருவி பொருத்தினார்கள். பேச்சு மெல்லப் பிடிபட்டது. சமையலறையிலிருந்து கணவர் கூப்பிட்டதும் அவள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்த அன்று, மனுஷன் கரண்டியும் கையுமாக அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வயலின் கேட்க உட்கார்ந்தாள். சாஸ்திரிய சங்கீதம் என்றால் அவளுக்கு உயிர். அதிலும் தனி வயலின். வில் இழுபட்டதும் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் இருந்தது. வேறொன்றைப் போட்டாள். அதுவும் தகரம்தான்.

"பேச்சுக்காகச் செஞ்ச கருவிம்மா இது," என்றார் கருவியைச் சரிபார்க்கும் நிபுணர். "பாட்டை எதிர்பார்க்காதீங்க."

"வராதுங்கிறீங்களா, கஷ்டம்ங்கிறீங்களா?"

அவர் சற்று யோசித்தார். "ரொம்பக் கஷ்டம்."

"அப்ப சரி," என்று எழுந்துகொண்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் தம்பி வந்து நின்றான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன்; எலக்ட்ரானிக் இசைப் பைத்தியம். காது கேட்ட காலத்தில் அவன் ஸ்பீக்கரைத் திறந்தால் அக்கா கதவைச் சாத்துவாள். மிக்ஸியில் கல்லைப் போட்டு அரைக்கிறான் என்று வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"உனக்குச் சுரம்தானே பிடிபடல? தாளம் கேக்குதில்ல?" என்றான். "என்னோடதுல முக்காவாசி அதுதான். உக்காருக்கா."

உட்கார்ந்தாள். தும், தும், தும். ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று விரலைத் தூக்கினாள்.

"ஏதோ புதுசா உள்ள வந்துச்சு."

"வந்துச்சு. அது எப்ப போகுதுன்னு சொல்லு."

சொன்னாள். சரியாக இருந்தது. தம்பி மறுபடி முதலிலிருந்து போட்டான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஸ்பீக்கர் முன்னால்தான். அவன் ஏன் அதில் மயங்கிக் கிடக்கிறான் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு சத்தமும் வந்து சேரும் இடத்தில் ஒரு கணக்கு இருந்தது.

கணவருக்குப் பொறுக்கவில்லை. "அக்காவும் தம்பியும் கூட்டுச் சேர்ந்து என்னைக் கழட்டி விட்டுட்டீங்க," என்று தன் பாப் பாட்டுகளோடு வந்தார். முதலில் வரிகளைத் தானே பாடிக் காட்டுவார், பிறகு பாட்டைப் போடுவார். வார்த்தை தெரிந்திருந்ததால் மெட்டு மேலே போகிறதா கீழே வருகிறதா என்று அவளால் தொடர முடிந்தது.

ஒரு மாலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள் முகம் சுளித்தாள். "என்னங்க, இன்னைக்குக் கருவியில ஏதோ கோளாறு. ஒரே கரகரங்குது."

"கோளாறில்ல. இன்னும் நான்தான் பாடிட்டிருக்கேன்."

தம்பி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனாலும் வயலின் வழிக்கு வரவில்லை. ஒரு நாள் கருவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். நிசப்தத்தில் படுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில் உரக்க அழுதாள். கணவர் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனார். காலையில் கருவியை மாட்டிக்கொண்டு அதே வயலினைத்தான் போட்டாள். இம்முறை தம்பி சொல்லிக்கொடுத்தபடி தாளத்தை முதலில் பிடித்துக்கொண்டாள்.

நகர மண்டபத்தில் வயலின் கச்சேரி என்று தெரிந்ததும் மூன்று டிக்கெட் வாங்கினாள். தம்பிக்கு அது முதல் கச்சேரி. முதல் உருப்படி முழுக்கத் தகரம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டாள். இரண்டாவதன் நடுவில், வயலின் உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தது. ஒவ்வொரு படியும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது. பழைய இனிமை இல்லை. ஆனால் அது வயலின்.

அவள் கண் கலங்கியதைப் பார்த்துப் பயந்துபோய்க் கணவர் குனிந்து கேட்டார், "முடியலையா? போலாமா?"

"சும்மா இருங்க," என்றாள். "இப்பதான் இறங்கி வருது."

தம்பி மட்டும் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.