பாலத்தின் நடுவில் இரண்டு கோவேறு கழுதைகள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. நிஜமாகவே சொல்கிறேன். நல்ல தேநீர்க் குவளைகளுக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி விரித்து, ஒரு பழைய வயர்லெஸ் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்து நான் பார்த்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் முதலில் பெட்டியைப் பார்ப்பார்கள், அப்புறம் அம்மாவைப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு துண்டு சொல்வார்கள். துண்டுகளை எல்லாம் ஒட்டினால் ஓட்டையும் சேர்ந்தே வருகிறது. சரி, நானே எழுதித் தொலைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "ஈராக்கும் ஈரானும் மோதிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், எல்லை மலைகளின் மேல் கழுகுகள் வட்டமிட்டன." வேண்டாம். கழுகு வந்துவிட்டால் கதை அழ ஆரம்பித்துவிடும். போர் எங்கள் பள்ளத்தாக்கைப் பிற்பாடு என்ன செய்தது என்று எனக்கும் தெரியும். அதற்கு வேறு கதை இருக்கிறது, அதில் சிரிப்பு இல்லை. இன்று எனக்குச் சிரிக்க வேண்டும்.

இரண்டாவது: "காதல் என்பது" [அடித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.]

மூன்றாவது: "ஒரு ஆறு. ஆற்றுக்கு ஒரு பாலம்."

இது பரவாயில்லை. இதோடு போவோம்.

2

ஒரு ஆறு. ஆற்றுக்கு ஒரு பாலம். இக்கரையில் எங்கள் குர்துகளின் ஒரு கட்சி, அக்கரையில் எங்கள் குர்துகளின் இன்னொரு கட்சி. கட்சிகளின் பெயரை எழுத மாட்டேன். பயமெல்லாம் கிடையாது. பெயரை எழுதி மை காய்வதற்குள் கூட்டணி மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும், எனக்குச் சோம்பேறித்தனம். இக்கரைக் கட்சி, அக்கரைக் கட்சி, போதும்.

பெரிய சண்டை பாக்தாத்துக்கும் தெஹ்ரானுக்கும். இக்கரைக் கட்சி தெஹ்ரான் பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்து அக்கரைக் கட்சி பாக்தாத்தோடு பேச்சுவார்த்தை நடத்தியது. மாதுளை பழுப்பதற்குள் பேச்சு முறிந்தது. அக்கரையும் தெஹ்ரான் பக்கம் வந்தது. அப்படியானால் இரண்டு கட்சியும் ஒரே பக்கம்தானே, சேர்ந்துவிட்டார்களா என்று கேட்பீர்கள். சேர்ந்தார்கள். ஒரே பக்கம் நிற்கிறவர்கள்தான் அதிகமாக இடித்துக்கொள்வார்கள் என்பதால் பிரிந்தார்கள். பனி உருகியதும் மறுபடி சேர்ந்தார்கள். சேர்ந்தால் பாலம் திறக்கும். பிரிந்தால் இரண்டு முனையிலும் துப்பாக்கி முளைக்கும்.

(அடிக்குறிப்பு. அடியில் இடமில்லை, இங்கேயே படித்துவிடுங்கள்: பள்ளத்தாக்குக்கே ஒரு மேளக்காரர், அவர் இக்கரை. ஒரே ஒரு குழல்காரர், அவர் அக்கரை. பிரிந்திருந்த காலத்தில் இக்கரைக் கல்யாணங்களில் வெறும் தொம்தொம், அக்கரைக் கல்யாணங்களில் வெறும் பீப்பீ. கட்சிகள் சேர்ந்த பிறகும் இவர்கள் இருவரும் சேரவில்லை. கொள்கை இவர்களுக்குத்தான் இருந்தது.)

3

இக்கரையில் ஹமா ரஷ் என்றொரு மனிதர். மகன் கார்ஸான், மகள் சினூர். அக்கரையில் சூஃபி காதிர். மகன் ரெப்வார், மகள் கேலாஸ். கட்சிகள் முதல்முறை சேர்ந்தபோது இரண்டு அப்பாக்களும் உணர்ச்சிவசப்பட்டுப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். சினூர் ரெப்வாருக்கு, கேலாஸ் கார்ஸானுக்கு. எங்கள் பக்கத்தில் இது சர்வசாதாரணம். யாரும் யாருக்கும் சீர் தர வேண்டாம், பெண்ணுக்குப் பெண் சரியாகப் போயிற்று. ஒரே சிக்கல், ஒரு கல்யாணம் நின்றால் மற்றதும் நிற்க வேண்டும். ஒரு பெண் திரும்பி வந்தால் மற்றவளும் திரும்ப வேண்டும். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு குடம் மாதிரி.

இரண்டு பையன்களும் அவரவர் கட்சியில் வயர்லெஸ் பார்க்கிறவர்கள். செய்தி நம் வீட்டுக்குத்தான் முதலில் வரும் என்று சம்பந்திகளுக்குப் பெருமை வேறு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேலாஸும் கார்ஸானும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். சினூருக்கும் ரெப்வாருக்கும் ஆகவே ஆகாது. ஒரு வசந்த விழாவில் அவள் சிரிப்பதைக் கேட்டு ரெப்வார், "யாரோட கோவேறு கழுதை அவுத்துக்கிச்சு?" என்று சத்தமாக விசாரித்திருக்கிறான். அவள் சும்மா இருப்பாளா. "உன் மீசைதான் அவுத்துக்கிட்டு ஓடிச்சுன்னு நெனச்சேன், அது இன்னும் மூஞ்சியிலயே இருக்கே" என்றிருக்கிறாள். அன்றோடு பேச்சு கிடையாது.

ஆக, ஒவ்வொரு முறை கூட்டணி சேரும்போதும் கேலாஸ் ஆடுவாள், சினூர் கதவைச் சாத்திக்கொள்வாள். முறியும்போது சினூர் ஆடுவாள், கேலாஸ் கதவைச் சாத்திக்கொள்வாள். நிச்சயத்துக்குப் போன சர்க்கரைப் பாதாம் தட்டு, முறிந்தால் திரும்பி வரும், சேர்ந்தால் மறுபடி போகும். போய்ப்போய் வந்துவந்து பாதாமில் சர்க்கரையே இல்லாமல் போயிற்று. ஹமா ரஷும் சூஃபி காதிரும் சேர்ந்திருக்கும்போது ஒருவரையொருவர் "சம்பந்தி" என்பார்கள். முறிந்தால் "அந்த ஆள்".

4

கேலாஸ்மேல் எனக்குச் சந்தேகம். எழுத எழுத அழுதுகொண்டே இருக்கிறாள். இப்படி ஒரு பெண் அழுவாளா? வாசகர் நம்ப மாட்டார் என்று அவள் அழுகையில் பாதியை வெட்டினேன். அவளிடமே தொலைபேசியில் சொன்னேன். "பாதியா? நான் அழுததுல பாதியைத்தான் நீயே எழுதியிருந்த" என்று சொல்லி, அதற்கும் அழுதாள். சரி, திருப்பி ஒட்டிவிட்டேன்.

சினூர்மேல் சந்தேகம் இல்லை. பயம்தான் இருக்கிறது. கல்யாணம் நிஜமாகவே நடக்கப்போகிறது என்றான வாரத்தில் அவள் யாரோடும் பேசவில்லையாம். ஓடிப்போகலாம். போனால் கேலாஸுக்கும் அண்ணன் கார்ஸானுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் அங்கேயே முடிந்தது. ஓடாவிட்டால் ஆயுள் முழுக்க அந்த மீசை. அந்த வாரத்தை எழுத நாலு தடவை முயன்றேன். [சினூர் சன்னலோரம் நின்று] [சினூர் மருதாணியை] [சினூர்]

விடுங்கள். பாலத்துக்குப் போவோம்.

5

முறை இப்படி. இரண்டு மணப்பெண்களும் முகத்தில் சிவப்புத் திரை போட்டுக் கோவேறு கழுதைமேல் வர வேண்டும். கயிற்றை அவரவர் அண்ணன் பிடித்து வருவான். பாலத்தின் நடுவில் இரண்டு அண்ணன்களும் ஒரே நேரத்தில் கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நொடி முன்னே கொடுத்தவன் ஏமாளி. இன்னொன்று, மணப்பெண் ஏறிய கழுதையைத் திருப்பவே கூடாது. திருப்பினால் இரண்டு வீட்டிலும் தொட்டில் ஆடாது.

கார்ஸான் சினூரின் கறுப்புக் கழுதையை நடத்தி வந்தான். ரெப்வார் கேலாஸின் வெள்ளைக் கழுதையை. மேளமும் குழலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு கரையில் நின்றதால், கேலாஸின் சேணத்தில் ஒரு டேப்ரெக்கார்டரைத் தொங்கவிட்டு ஆட்டப் பாட்டு அலறவிட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் சுற்றத்தார், எல்லோர் தோளிலும் துப்பாக்கி. கல்யாணத்துக்குத் துப்பாக்கி இல்லாமல் வருவது எங்கள் ஊரில் செருப்பில்லாமல் வருவது போல.

கயிறு மாற்றும் இடம் வந்ததும் ரெப்வார் நின்றான். தோளில் தொங்கிய வயர்லெஸ் பெட்டியைக் காதில் வைத்தான். முகம் இருண்டது.

"தலைமையகத்துலேர்ந்து செய்தி. கூட்டணி முறிஞ்சுபோச்சு."

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஏன் வரும்? எத்தனை தடவை முறிந்திருக்கிறது! இரண்டு முனையிலும் துப்பாக்கிகள் நிமிர்ந்தன. ஹமா ரஷ் "சம்" வரை சொல்லி, "பந்தி"யை விழுங்கினார். கழுதையைத் திருப்பு என்று இரண்டு அப்பாக்களும் கத்தினார்கள், உடனே திருப்பாதே என்றும் அவர்களே கத்தினார்கள். தொட்டில் விஷயம் ஞாபகம் வந்துவிட்டது.

திரைக்குள் கேலாஸ் விம்முவது கேட்டது. கார்ஸானுக்கும் கேட்டது. தன் பெட்டியைக் காதில் வைத்தான்.

"எனக்கும் செய்தி வருது. மறுபடி சேர்ந்தாச்சு."

துப்பாக்கிகள் இறங்கின.

முறிந்தது என்றான் ரெப்வார். சேர்ந்தது என்றான் கார்ஸான். சேர்ந்தது முறிந்துவிட்டது என்றான் இவன். முறிந்ததும் சேர்ந்துவிட்டது என்றான் அவன். துப்பாக்கிகள் ஏறின, இறங்கின, ஏறின. சில பெரியவர்களுக்குத் தோள் வலித்து, யாராவது ஒரு முடிவு சொல்லுங்கப்பா என்று கெஞ்சும் நிலை வந்துவிட்டது. நடுவில் டேப்ரெக்கார்டர் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

சினூர் கழுதைமேல் உயரத்தில் இருந்தாள். அதனால் மற்றவர் பார்க்காததை அவள் பார்த்தாள். ரெப்வாரின் பெட்டியில் பின்மூடி திறந்து தொங்கியது. உள்ளே காலி.

திரையைத் தூக்கினாள். ஐயோ, மணப்பெண் தானே திரையைத் தூக்குவதா! ஒரு கிழவருக்குக் கோபத்தில் தலைப்பாகை அவிழ்ந்தது.

"ரெப்வார், அந்தப் பெட்டி வயித்துல ஒண்ணும் இல்லையே. பாட்டரியெல்லாம் இங்க பாடிக்கிட்டிருக்கு."

அக்கரையில் அந்த மாதம் பாட்டரிப் பஞ்சம். டேப்ரெக்கார்டருக்காக வயர்லெஸைக் காலி செய்ததே ரெப்வார்தான். கழற்றிய ஞாபகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்து வந்திருக்கிறான். டேப்ரெக்கார்டர் அடுத்த பாட்டுக்குப் போயிற்று.

"ஆமா. பொய்தான் சொன்னேன்" என்றான் ரெப்வார்.

கார்ஸான் தொண்டையைச் செருமினான். எனக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டணி இருக்கிறதா இல்லையா? சொல்ல ஆளில்லை. எங்கள் பள்ளத்தாக்கு அத்தனை வருடத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் யார் பக்கமும் இல்லாமல் இருந்தது.

சினூர் சிரிக்க ஆரம்பித்தாள். அதே சிரிப்பு. தன்னை மட்டும்தான் இழுத்துப் போகிறார்கள் என்று நினைத்திருந்தாள். இவனும் இழுபட்டுத்தான் வந்திருக்கிறான், அதுவும் இத்தனை துப்பாக்கிக்கு நடுவில் நின்று பொய் சொல்லியாவது நிறுத்தப் பார்த்திருக்கிறான். அவளைவிட அவனுக்குத் துணிச்சல் அதிகம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"பெட்டியைக் கீழ வை. இப்ப உன் வாயால செய்தி சொல்லு. முறிஞ்சுதா, சேர்ந்துதா?"

ரெப்வார் பெட்டியைக் கீழே வைத்தான். கழுதையின் பக்கத்தில் வந்து நின்றான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னான்.

6

ஓட்டை இங்கேதான்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். கயிறு மாறியது, கழுதைகள் திரும்பாமல் நேரே போயின, இரண்டு கல்யாணமும் நடந்தன. சாயங்காலம் நிஜச் செய்தி வந்தது. கூட்டணி அன்று காலையிலேயே முறிந்துவிட்டதாம்! ரெப்வார் சொன்ன பொய் அவனுக்கே தெரியாமல் உண்மையாக இருந்திருக்கிறது. ஆனால் பாலம் தாண்டிய கழுதையை எந்தக் கட்சியும் திருப்ப முடியாது.

அவன் என்ன சொன்னான்?

முடிவு (அ), கேலாஸ் தருவது: மன்னிப்புக் கேட்டிருப்பான், ஆனால் சினூர் கேலாஸுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். இன்றும் விருந்தில், இலையில் சோறு சுருட்டி வேகவைத்த டோல்மாச் சட்டியின் அடியிலிருக்கும் ருசியான துண்டைக் கேலாஸ் சினூர் தட்டில்தான் வைப்பாள்.

முடிவு (ஆ), கார்ஸான் தருவது: அவன் ஒன்றும் சொல்லவில்லை. அக்கரையில் புல் தெரிந்தது, கழுதை போய்விட்டது.

முடிவு (இ) [எழுத வரவில்லை]

நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். சினூர் என் அம்மா. ரெப்வார் என் அப்பா. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா அந்தப் பாலத்தைத் தாண்டி வந்தாளா, கொண்டுவரப்பட்டாளா? (அ) உண்மையானால் நான் ஒரு பேரத்தில் விழுந்த சில்லறை. சிரிக்கிற கதையில் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், வேறு எதற்கு?

ஐந்தாம் பகுதிக்குப் பின் இப்படி எழுதியிருந்தேன்: "கார்ஸான் சினூரின் கயிற்றை ரெப்வாரிடம் நீட்டினான். ரெப்வார் கேலாஸின் கயிற்றைக் கார்ஸானிடம் நீட்டினான்." அதுவரை முழுதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எல்லா ஒப்பந்தத்துலயும் ரகசிய ஷரத்துன்னு ஒண்ணு இருக்கும்டி. வெளியில சொன்னா ஒப்பந்தம் செல்லாது."

கெஞ்சினேன், மிரட்டினேன், கதையை எரித்துவிடுவேன் என்றேன். எரி, குளிருக்கு ஆகும் என்றாள். பிறகு, போகிற போக்கில், எழுத்துப் பிழை திருத்துகிறவள் மாதிரி இரண்டு திருத்தம் சொன்னாள்.

"கழுதை கறுப்பு இல்ல, சாம்பல். அப்புறம், உங்க மாமன் என் கயிறை நீட்டினான்னு எழுதியிருக்க பாரு, அது தப்பு. அவன் கையிலேர்ந்து நான் பிடுங்கிட்டேன். பாலம் தாண்டறவரைக்கும் கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

வெங்காயத்தின் புண்ணியத்தில் எனக்குக் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7

அப்பாவையும் கேட்டுவிட்டேன், விடுவேனா. அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் காதில் வைத்து, தலைமையகம் வாய் திறக்க மறுக்கிறது என்றார். "பாட்டரி போட்டுட்டுப் பேசு" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. சண்டை வரும் நாட்களிலும் இதேதான் நடக்கிறது. அவர் பெட்டியைத் தூக்கி "முறிஞ்சுபோச்சு" என்பார், அவள் பாட்டரி கேட்பாள், தேநீர் வரும்.

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். நான் பிறப்பதற்கு முன்னால் சொன்ன சொல்லை நான் எப்படி எழுதுவது? நீங்கள் முயன்று பாருங்கள்.

ரெப்வார் சாம்பல் நிறக் கழுதையின் பக்கத்தில் வந்து நின்று, சினூருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "[                                        ]"

இஷ்டம்போல் நிரப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். அடுத்த வரி ஏற்கனவே எழுதியாகிவிட்டது, அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. உங்கள் சொல் அதில் போய்ப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், நான் எத்தனை தடவை அடித்திருக்கிறேன் என்று பார்த்தீர்கள்தானே.

அடுத்த வரி இது: சினூர் சத்தமாகச் சிரித்தாள், அண்ணன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள், கழுதையை அவளே தட்டி ஓட்டினாள்.