மாமனார் பெயருக்குள் இருந்த சொல்

நாரின் என்னும் மலைநகரத்தில் குளிர் இறங்குவதற்குள் சமையலறைத் தரையை முடித்துவிட வேண்டும் என்று ஜிபார் ஒற்றைக்காலில் நின்றாள். மாஸ்கோவில் கணவனோடு ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டியவள் அவள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். இங்கே மாமியார் காலுறைமேல் காலுறை போட்டும் நடுங்கியபடி சமைப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பழைய பலகைகளைப் பெயர்த்து, சிமென்ட் தளம் போட்டு, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, அதன்மேல் தரையைச் சூடேற்றும் கம்பி கோத்த வலையை அவளே விரித்தாள்.

"மாமா, டைல்ஸ் ஒட்டி நல்லாக் காயற வரைக்கும் இதுக்குக் கரண்ட் குடுக்கவே கூடாது" என்றாள்.

"லாரியவே பிரிச்சு மாட்டுனவன்கிட்ட வந்து கம்பியப் பத்திப் பாடம் எடுக்கிறியா? போம்மா, போய் வேலையப் பாரு" என்றார் மாமனார்.

அவர் பெயர் தொக்தோசுன். முன்னால் பிறந்ததெல்லாம் தொட்டிலிலேயே போய்விட, இதாவது நிற்கட்டும் என்று வைத்த பெயர். அவர்கள் மொழியில் தொக்தோ என்றால் 'நில்'. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. பேருந்தில்கூட ஜிபாருக்கு 'நிறுத்து' என்று சொல்ல வழியில்லை. 'கொஞ்சம் இருங்களேன்' என்பாள். ஓட்டுநர் காதில் அது விழுவதற்குள் வீடு தாண்டிப் போயிருக்கும். சிரிக்கலாம்தான். ஆனால் மூத்த மருமகள் ஒருமுறை வாய் தவறியதற்கு, இன்றுவரை அவள் கையால் மாமியார் தேநீர் வாங்குவதில்லை.

அன்று நாத்தனார்கள் வந்திருந்தார்கள். பக்கத்து அறையில் தேநீரும் வம்பும் சூடாக ஓடிக்கொண்டிருந்தன. சுவரோரம் துருத்தி நின்ற ஒரு சிமென்ட் கட்டியை பிறகு உளியால் தட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஜிபார் பசை குழைக்க முற்றத்துக்குப் போனாள்.

வாளியோடு திரும்பியவள் அதை அப்படியே கீழே விட்டாள். சூடு ஏறுகிறதா என்று பார்க்க மாமனார் கம்பியைக் கரண்டில் மாட்டியிருந்தார். சுவரிலிருந்த சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்தது. பசை பிடிப்பதற்காக ஓரத்தில் அவள் பூசியிருந்த ப்ரைமர் இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தில் வெறுங்காலோடு மண்டியிட்டு, வெட்டும் மெஷினைப் பிடித்துக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார். மெஷினின் சக்கரம் கம்பியை நோக்கி நகர்ந்தது.

"மாமா, இருங்க! கொஞ்சம் இருங்க!"

"இருக்கட்டும், அப்புறம் குடிக்கிறேன்!" என்று திரும்பாமலே கத்தினார். தேநீருக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

"தொக்தோ!"

பெற்ற தாய்கூட அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டாள். கை அப்படியே நின்றது. கீழே பார்த்தார். சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை. முகம் வெளுத்துப்போனது. மெல்ல எழுந்து சுவிட்சை அணைத்தார். விளக்கு அணைந்தது.

அதற்குள் மாமியார் வாசலில். பின்னால் நாத்தனார்கள்.

"உன் மாமனார யாருடி பேர் சொல்லிக் கூப்பிட்டது? மாடு மேய்க்கிறவன அதட்டுற மாதிரி!"

"நிக்கத்தான் சொன்னேன் அத்தை. அந்தக் கம்பி..."

"மறுபடியும் சொல்றா பாரு! மாஸ்கோவுல கத்துக்கிட்டு வந்தது இதுதானா?" என்றாள் ஒரு நாத்தனார்.

ஜிபார் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மருமகள் வேண்டாம் என்றதைச் செய்து சாகப் பார்த்தேன் என்று மகள்கள் முன்னால் எப்படிச் சொல்வார்?

"ஒண்ணுமில்ல. சும்மா பதறிட்டா" என்றார் மாமனார்.

மின்சாரம் பாய்ந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"பதறினா என்ன வேணாச் சொல்லிடறதா? குனிஞ்சு மன்னிப்புக் கேளு" என்றாள் மாமியார்.

பசை படிந்த கைகளை நெஞ்சோடு சேர்த்து ஜிபார் மாமனார் முன்னால் குனிந்தாள். குனியும் மருமகளுக்கு மாமனார் 'நல்லா இரு' என்று வாழ்த்தியாக வேண்டும். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் சொல்லும்வரை நிமிரக் கூடாது என்பதால் அவள் குனிந்தபடியே இருந்தாள்.