கா. பூங்கோதையும் கே. பூங்கோதையும்

எங்கள் ஊரில் யாரை நீக்க வேண்டுமென்றாலும் எங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான் நீக்க வேண்டும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வகை ஆட்கள்தான் தெரிவார்கள். ஒன்றாவதில் வாடகைக்கு இருப்பவர்கள், இரண்டாவதில் நாய் வளர்ப்பவர்கள். மூன்றாவது என்னுடையது. அதில் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் தெரிவார்கள். மனு சரியாக இருந்தால் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவேன். ஆள் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை காங்கேயன் மீது மனு வந்தது. தினமும் விடிகாலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கரை அலறவிடுகிறார் என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். காங்கேயன் என் மாமனார். பொய் சொல்வானேன், கோட்டைக் கொஞ்சம் அழுத்தியே இழுத்தேன்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, என் மனைவி பூங்கோதையைக் காணோம். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஆபீஸுக்கு ஓடினேன்.

சூப்பிரண்ட் ஆரோக்கியமேரி அம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டம்மா இனிஷியல் என்ன?"

"கா."

"அப்பா போனா, அவர் இனிஷியல்ல தொங்கறவங்களும் கூடவே போகத்தானே செய்வாங்க? இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா?"

"ஜன்னல்ல ஸ்பீக்கர்தானேம்மா தெரியுது. மகள் தெரியலையே."

"கல்யாணமானதும் உங்க இனிஷியலுக்கு மாத்தியிருக்கலாமே."

அப்போதே அவளிடம் மாற்றச் சொன்னேன். எங்கப்பா எழுத்து எங்கிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"மீட்கணும்னா வாரிசு மனு கொடுக்கணும். வாரிசும்தான் போயாச்சே," என்றார் அவர். "வேற எங்கயாவது இனிஷியலை மாத்தி எழுதியிருக்காங்களா, பாருங்க."

அப்போதுதான் நூலகம் ஞாபகம் வந்தது. அங்கே உறுப்பினர் அட்டையில் இங்கிலீஷ் இனிஷியலைத் தமிழில் எழுதி 'கே. பூங்கோதை' என்று போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி நூலகரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். நல்லவேளை, மனுஷன் அசையவில்லை.

பூங்கோதை சமையல் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முறைத்தாள். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே இருந்ததால் திட்ட முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பதினஞ்சு நாளைக்கு எடுத்துட்டுப் போகலாம் சார்," என்ற நூலகர், அவள் உள்ளங்கையில் தேதி முத்திரையைக் குத்தினார்.

வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"எங்கப்பா பேர்ல கோடு போட உங்களுக்கு எப்படிங்க கை வந்துச்சு?"

வீடு வரை நிறுத்தவில்லை. குழம்பு தீய்ந்திருந்தது, அதற்கும் எனக்குத்தான் திட்டு. மனம் குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் நாள் புதுப்பிக்கக் கூட்டிப் போனேன். நூலகர் பதிவேட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முடியாது சார். அன்னைக்கே ஒருத்தங்க முன்பதிவு பண்ணி வெச்சிருக்காங்க."

"யாரு?"

"கே. பூங்கோதை."

அவள் கையெழுத்துப் போட்டாள். தன் உள்ளங்கையில் தானே முத்திரையைக் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்ததாக என் பெயரை எழுதப் பதிவேட்டைத் திருப்பினேன். எனக்கு முன்னால் இன்னும் எட்டு முன்பதிவுகள் இருந்தன. எட்டும் அவள் கையெழுத்து. கொஞ்சம் அழுத்தியே எழுதியிருந்தாள்.