ஒற்றைக் கோடு

பஞ்சு கத்தரிக்கோலை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. தடயப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாகப் பஞ்சு வெட்டுகிறவள் அவள். இப்படி வழவழவென்று ஒன்றை வெட்டியதே இல்லை. பலாத்காரப் புகார் கொடுத்த ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒற்றியெடுத்து அனுப்பிய பஞ்சு அது. உடன் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஏனக்கா. பத்து வார்த்தை பேசினால் நாலு "ஏன்" இருக்கும், பின்னே வேறென்ன பெயர் வைப்பார்களாம்?

பஞ்சு ஊறிய நீரில் மூன்று சொட்டெடுத்துப் பரிசோதனைப் பட்டையில் விட்டாள். விந்தில் ஏராளமாக இருக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கும் பட்டை அது. புரதம் இருந்தால் இரண்டு கோடு விழும். இல்லாவிட்டால், பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அடையாளமாக ஒரே கோடு. இப்போது ஒரே கோடுதான் விழுந்தது.

"இல்லைன்னு எழுதி அனுப்பும்மா. போலீஸ்ல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க," என்றார் கூடத்தின் தலைவர். "வழக்கமில்லாம மைக்ராஸ்கோப்லயும் பார்த்தாச்சு, விந்தணு எதுவும் தெரியலையே."

"தெரியாது சார். அந்த ஆள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன்னு ஃபைல்லயே இருக்கு. அணு இருக்காது, ஆனா புரதம் இருக்கணும்."

"அந்தப் பொண்ணு சொல்றது நிஜமா இருந்தாத்தானே?"

"சரி சார், பஞ்சு ஏன் வழுக்குது?"

"ஆரம்பிச்சுட்டியா!" என்று தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் விடுவாளா? பஞ்சு எடுத்து அனுப்பிய ஆஸ்பத்திரி நர்ஸைப் போனில் பிடித்துவிட்டாள்.

"ஜெல் போட்டேன் மேடம்," என்றாள் நர்ஸ். "உள்ள கருவி வைக்கும்போது வலிக்கக் கூடாதுன்னுதான். எப்பவும் பஞ்சை நல்லாக் காயவச்சு அனுப்புவேன். இந்தத் தடவை போலீஸ் அவசரப்படுத்தினதுல ஈரத்தோடயே போயிடுச்சு. பாவம் மேடம், சலவைக் கடையில வேலை பார்க்கிற பொண்ணு. கிடுகிடுன்னு நடுங்குறா. கூட வந்த அண்ணன், 'ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் வீட்டுக்கு வா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். என் ரூம்லதான் படுத்திருக்கா."

அந்த அண்ணன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது ஏனக்காவுக்கு. கூடவே, சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், அந்த ஜெல்லைப் பார்க்கக் கை பரபரத்தது.

மத்தியானம் நர்ஸ் கொடுத்தனுப்பிய ஜெல் டியூப் வந்து சேர்ந்தது. பொடி எழுத்தில் கிருமிக்கொல்லி மருந்து சேர்த்தது என்று போட்டிருந்தது. கிருமியைக் குலைக்கிற மருந்து புரதத்தை மட்டும் சும்மா விடுமா என்ன? சோதனைக்கென்று கூடத்தில் எப்போதும் வைத்திருக்கும் விந்து மாதிரியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மூன்று குப்பிகளில் பங்கிட்டாள். முதல் குப்பியில் வெறும் தண்ணீர், இரண்டாவதில் மருந்தில்லாத சாதா ஜெல், மூன்றாவதில் ஆஸ்பத்திரி ஜெல்.

முதல் பட்டையில் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. இரண்டாவதில் ஒன்று கொஞ்சம் மங்கல், ஆனாலும் இரண்டு. மூன்றாவதில் ஒன்றுதான்! விந்து இருக்கிறது என்று அவளே அறிவாள், அவளே ஊற்றியது, பட்டையோ சத்தியம் பண்ணாத குறையாக இல்லை என்கிறது. அடேயப்பா, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

தலைவர் நம்பவில்லை. தாமே செய்து பார்த்தார். அவருக்கும் அதே ஒற்றைக் கோடு.

"ஜெல் மறைக்குதுன்னா, அந்தப் பொண்ணோட பஞ்சுல இருந்துச்சுன்னு அர்த்தம் ஆயிடாதேம்மா."

"ஆகாது சார். ஆனா இல்லைன்னும் நாம எழுத முடியாது. பாதிப் பஞ்சு மிச்சம் இருக்கு. ஆண் மரபணு இருக்கான்னு பார்த்து, இருந்தா அந்த ஆளோட ரத்தத்தோட ஒத்துப் பார்த்துடலாம்."

தலைவர் போலீஸிடம் மூன்று நாள் தவணை கேட்டார். அந்த மூன்று நாளும் ஏனக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெல் அதையும் கெடுத்திருக்குமோ என்று மண்டையைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். கெடுக்கவில்லை. முடிவு வந்ததும் நர்ஸைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

"இருக்கு சிஸ்டர். அவனோடதுதான்."

நர்ஸ் அழுதாள், சிரித்தாள். அந்த அண்ணனிடம் நானே போய்ச் சொல்கிறேன், மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

"மேடம், எந்தப் பொண்ணு வந்தாலும் வலிக்கக் கூடாதுன்னு ஜெல் போட்டுத்தான் எடுப்பேன். நாலு வருஷமா இதே ஜெல்தான்."

ஏனக்கா போனைக் காதில் இடுக்கிக்கொண்டாள். கணினியைத் திறந்து, அந்த ஆஸ்பத்திரிப் பஞ்சுகளுக்கு நாலு வருஷத்தில் இல்லை என்று போன ரிப்போர்ட்டுகளைத் தேடினாள். முப்பத்தேழு. எல்லாம் பட்டையை மட்டும் பார்த்து எழுதியவை. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

"பழைய பஞ்செல்லாம் வச்சிருப்பீங்கல்ல?" என்று நர்ஸ் அவசரமாகக் கேட்டாள். "திரும்ப எடுத்துப் பார்த்துடலாம்ல?"

"ஒரு வருஷத்துதான் இருக்கும் சிஸ்டர். பதினாறு. இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்."

"மிச்சம் இருபத்தொண்ணு?"

ஏனக்கா திரையில் இருந்த வயதுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பத்தொன்பது, முப்பத்து நாலு, பதினாறு. இவர்களில் எத்தனை பேருக்கு வாசலில் ஓர் அண்ணன் காத்திருந்தானோ.

"எரிச்சுட்டோம் சிஸ்டர்."